மூன்றாவது கட்சிக்கு நாற்காலி போட்ட சனிக்கிழமை

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன், எனக்குப் பெருமை சேர்க்காத இடங்களையும் விடாமல். பள்ளி மாணவர்களுக்கான மாதிரி நாடாளுமன்றத்துக்கு முதன்முறையாகப் போகிறவர்களுக்கு இது உதவலாம்.

இந்த முறை அது டெல்லி நார்த் கேம்பஸ் பக்கம் ஒரு கல்லூரியில். நாங்கள் இருக்கும் லக்ஷ்மிபாய் நகரிலிருந்து ஐ.என்.ஏ. மெட்ரோவுக்கு நடந்தே போய்விடலாம். காலை எட்டு மணிக்கு மஞ்சள் லைன் ரயிலைப் பிடித்தோம். விஷ்வவித்யாலயா வரை சுமார் பதினைந்து கிலோமீட்டர், எங்கும் மாற வேண்டாம், நாற்பத்து மூன்று ரூபாய். அங்கிருந்து இ-ரிக்‌ஷா. தனியாக ஏறினால் அதிகம் கேட்பார்கள். "ஆள் நிறையட்டும் அண்ணா" என்று பொறுத்தால் ஆளுக்குப் பத்து.

துணைக்கு அப்பா வந்தார். அதுதான் என் பிரச்சினை. அப்பா பல வருடம் அணுமின் நிலையத்தில் வேலை பார்த்தவர். டெல்லி வாசம் முடிந்ததும் அங்கேதான் திரும்பப் போகிறார். நானோ குலுக்கலில் ஆளுங்கட்சி. எல்லா அணுமின் நிலையங்களையும் ஐந்தே வருடத்தில் மூடிவிட்டு, சூரியனுக்கும் காற்றுக்கும் மாற வேண்டும் என்பது எங்கள் மசோதா. வழி முழுக்க அப்பா வாயே திறக்கவில்லை. மனம் புண்பட்டுவிட்டது என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

சூரியனும் காற்றும் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஐந்து வருடம் என்பதில்தான். ஆரல்வாய்மொழி வழியாக ஊருக்குப் போகும்போது, சில நாள் காற்றாலைகள் அசையாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். காற்று நின்ற ராத்திரியில் எதை வைத்துச் சமாளிப்பது? இதை எங்கள் கட்சித் தலைவி இஷிதாவிடம் கேட்டேன். "இரண்டே கட்சிதான்ப்பா, ஆமாம் அல்லது இல்லை. காற்று நிற்கும் என்றால் எதிர்ப்பக்கம் போய் உட்கார்" என்றாள்.

எதிர்ப்பக்கமோ புதிதாக இன்னும் பத்து உலை கட்டச் சொன்னது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. டீ இடைவேளையில், அதே குழப்பத்தில் இருந்த நான்கு பேர் கிடைத்தார்கள். சபாநாயகராக இருந்த ஆசிரியையிடம் போய், தனிக் கட்சியாக உட்காரலாமா என்று கேட்டோம். "கூடாது என்று விதியில் இல்லையே" என்றார். நடைபாதையில் ஐந்து நாற்காலி போட்டோம்.

"வழியை மறிக்காதீர்கள்" என்றார் அவர்.

"மூன்றாவது கட்சியின் வேலையே அதுதான் மேடம்" என்றான் எங்களில் ஒருவனான ஃபர்ஹான்.

இஷிதா என்னைப் பார்த்து "தல்பத்லூ" என்றாள். கட்சி தாவி என்று அர்த்தம். வலித்தது. ஆனால் நாங்கள் விலகியதும் இரண்டு பக்கத்துக்கும் பெரும்பான்மை இல்லாமல் போயிற்று. சற்று நேரத்தில் அவளே சமோசாவோடு வந்தாள். "சரி, உங்களுக்கு என்னதான் வேண்டும்?"

புதிய உலை வேண்டாம், பழையதை அதன் ஆயுள் முடியும்போது மூடலாம், அதற்குள் மின்சாரத்தைச் சேமித்து வைக்க வழி செய்ய வேண்டும் என்றோம். முகத்தைச் சுளித்துக்கொண்டே ஒப்புக்கொண்டாள். மசோதா அந்தத் திருத்தங்களோடு நிறைவேறியது.

எல்லோரும் கலைந்த பிறகு, கடைசி வரிசையில் இருந்த அப்பாவிடம் போனேன்.

"ஏட்டி, எனக்காகத்தான் கட்சி மாறினியா?"

"பாதி உங்களுக்காக. பாதி நிஜமாவே தோணிச்சு."

"கூட்டணின்னா அப்படித்தான் இருக்கும்."

"காலையிலேர்ந்து ஏம்ப்பா பேசவே இல்ல? கோவமா?"

"கோவமா? கடைவாய்ப் பல்லுட்டி. வாயைத் தொறந்தா உயிர் போகுது."

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. இரண்டே கட்சி இருந்திருந்தால் எண்ணுவது எளிதாக இருந்திருக்கும். ஆனால் அந்த ஐந்து வருடக் கெடு பற்றிய என் சந்தேகத்தை யாரும் சமோசா கொடுத்துக் கேட்டிருக்க மாட்டார்கள்.

போகிறவர்களுக்கு: தண்ணீர் பாட்டில் எடுத்துப் போங்கள். அரங்கில் ஏசி அதிகம், ஸ்வெட்டர் அவசியம். கேன்டீனில் இரண்டு மணிக்கு மேல் எதுவும் மிஞ்சாது. யாரோடு போகிறீர்களோ, அவருக்குப் பல் வலிக்கிறதா என்று கிளம்பும்போதே கேட்டுவிடுங்கள்.

நாங்கள் வெளியே வரும்போது, காவலாளி அரங்கின் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தார்.