லம்சிராவின் சாக்கடைச் செல்லங்கள்

கயிற்றில் கட்டிய புட்டியைச் சாக்கடைக்குள் இறக்கியபடியே லம்சிரா கொஞ்சுவார். "வாங்கம்மா, வாங்க. வெக்கப்படாதீங்க. உள்ள விருந்து காத்துக்கிட்டிருக்கு."

வயது ஐம்பத்தெட்டு. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், உதட்டில் மாதுளம்பழச் சிவப்பு. சாயம் பூசாமல் சாக்கடைக்குப் போகவே மாட்டார்.

தலைநகர் திபிலீசியின் எல்லையில் உள்ள எங்கள் கோழி ஆலையில், குளிரறையை ஒட்டிய சின்ன ஆய்வுக்கூடம் அவருடைய ராஜ்யம். அவர் கூப்பிடுவது ஃபேஜ்களை. கிருமிகளை அழித்துப் பெருகும், கண்ணுக்குத் தெரியாத வைரஸ்கள் அவை. கிருமி மலிந்த இடத்தில்தான் கிடைக்கும். பிடித்து, வளர்த்து, வடிகட்டி, குளிரூட்டிய கோழிகள்மீது தெளிப்பார். சால்மோனெல்லாக் கிருமி செத்துவிடும். சாப்பிடுகிறவருக்கு ஒன்றும் ஆகாது. பொட்டலம் கட்டுகிற எங்கள் மேசைக்குக் கோழிகளை அனுப்புமுன் முதுகில் செல்லமாக ஒரு தட்டு தட்டுவார். "போய்ட்டு வா ராசாத்தி. யாரு வயித்தையும் கெடுத்துடாத."

இரண்டு வாரமாக அந்த ராஜ்யத்தில் இடி. எங்கிருந்தோ ஒரு புது சால்மோனெல்லா வந்து சேர்ந்தது. பழைய ஃபேஜ்கள் அதைத் தொடவே இல்லை. மேலாளர் ஜும்பெர் கெடு வைத்துவிட்டார்: சனிக்கிழமைக்குள் புது ஃபேஜ் கிடைக்காவிட்டால், கோழிகளை முக்கிக் கழுவக் குளோரின் தொட்டி வரும், ஆய்வுக்கூடத்துக்குப் பூட்டு விழும்.

"சாக்கடையில பிடிச்சதத் தெளிச்சு கறியச் சுத்தம் பண்றோம்னு வெளிய சொல்ல முடியுமா, அம்மணி?" என்றார்.

"கைக்குழந்தையில உனக்கு வயித்தால போனப்ப உங்கம்மா மருந்துன்னு வாயில ஊத்துனது என்ன, பன்னீரா? இதே ஃபேஜ்தான்டா."

வியாழக்கிழமை புட்டி மேலே வந்தது. லம்சிரா முகர்ந்தார். முகம் வெளுத்துவிட்டது.

"எவன்டா இதுல பிளீச்சிங் ஊத்துனது?"

"நான்தான் ஊத்தச் சொன்னேன்," என்றார் பக்கத்தில் நின்ற ஜும்பெர். "ரெண்டு வாரமா, தெனம் காலையில. கறி வாங்க வர்றவங்க மூக்கப் பொத்துறாங்கல்ல."

"பாவி, எம்புள்ளைங்கள எல்லாம் சுத்தம் பண்ணியே கொன்னுட்டியே." மை கலையாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சட்டென்று குரல் மாறியது. "உங்கம்மா இன்னும் கோழி வளக்குறாங்களா?"

"வளக்குறாங்க."

"கூட்டுப் பக்கத்து வாய்க்காலக் கழுவி எத்தன நாளாச்சு?"

ஜும்பெர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "கழுவுனதே இல்ல."

லம்சிரா அவர் கன்னத்தில் அழுத்தி முத்தமிட்டார். சிவப்புச் சாயத்தோடு மேலாளர் சாயங்காலம் வரை ஆலையைச் சுற்றிவந்தார். நாங்கள் யாரும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை, குளோரின் தொட்டிக்கான உத்தரவில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தபடியே ஜும்பெர் உள்ளே வந்தார். லம்சிரா ஆய்வுத் தட்டு ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். வெண்படலமாகப் படர்ந்திருந்த அந்தப் புதுக் கிருமியில் சல்லடைபோல ஓட்டைகள்.

"என்ன அம்மணி இது, பொத்தலா இருக்கு?"

"ஒவ்வொரு பொத்தலும் கிருமி செத்த எடம். உங்க வீட்டு வாய்க்கால் தண்ணியில கெடச்ச ஃபேஜ்தான் தின்னுருக்கு."

ஜும்பெர் உத்தரவுத் தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார்.

"பேர் வைக்கணுமே இதுக்கு," என்றார் லம்சிரா. மேலாளரின் விரலிடுக்கிலிருந்த பேனாவை உருவி, தட்டின் மூடியில் அழகான உருண்டை எழுத்தில் எழுதினார்: ஜும்பெர்.