கடைசி வளைவில் நேசையன்

"சாரே, அன்னைக்கு நான் அந்த வளைவு தாண்டினது நீரு கண்டீரா, இல்லியா?"

தம் மகளை என் வகுப்பில் சேர்க்க வந்த நாளில் நேசையன் இப்படிக் கேட்டார். பள்ளி வராந்தாவில் வேறு யாரும் இல்லை. "பழைய காரியம் எதுக்கு, நேசையா?" என்றேன். "செரி, அப்போ நான் வாறேன்" என்று மகளின் சிலேட்டை என்னிடம் தந்துவிட்டுப் போனார். பிறகு ஒருபோதும் கேட்கவில்லை. சென்ற செவ்வாய்க்கிழமை குன்னத்துகால் சபை உபதேசியார் வந்து அவர் காலமானதைச் சொன்னபோது, இனிக் கேட்க மாட்டார் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. அதில் ஒரு நிம்மதியும் இருந்தது. அந்த நிம்மதி வெட்கப்பட வைத்ததால் இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருவரும் எங்கள் ஊர் ஓட்டக் கழகத்தில் ஒன்றாகச் சேர்ந்தவர்கள். காலையில் பத்துப் பன்னிரண்டு பேர் பாறசாலையிலிருந்து குன்னத்துகால் நோக்கி, ஏறியும் இறங்கியும் போகிற சாலையில் ஓடுவோம். நான் பின்தங்கினால் நேசையன் திரும்பி, நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருப்பார்.

"வாலே மக்கா. இறக்கத்துல பன்னியும் ஓடும். ஏத்தத்துல ஓடுதவனாக்கும் ஓட்டக்காரன்."

"மூச்சு இருந்தா நான் ஏம்லே இங்க நிக்கேன்?"

"பேசதுக்கு மட்டும் மூச்சு உண்டு!"

கழகத்தின் ஆண்டுப் பந்தயத்தில் ஒரு வழக்கம் இருந்தது. நான்கு வளைவுகளிலும் ஒவ்வொருவர் நிற்போம். ஓடி வருகிறவர் நிற்காமல் உள்ளங்கையை நீட்டுவார். சாயம் தோய்த்த பனையோலைக் கீற்று ஒன்றை அதில் வைக்க வேண்டும். வளைவுக்கு ஒரு நிறம். ஒரு நிறம் குறைந்தாலும், கொல்லமாவு என்கிற முந்திரித் தோட்டத்தைக் குறுக்கே கடந்து வந்தவர் என்று தள்ளிவிடுவார்கள்.

அது எல்லைக் கிளர்ச்சிக் காலம். நம் ஊர்கள் எந்த மாநிலத்தோடு சேர வேண்டும் என்று சந்தையிலும் சபையிலும் சண்டை. தமிழ்நாட்டோடு சேரக் கேட்ட கூட்டங்களுக்கு நேசையன் வெளிப்படையாகப் போனார். எனக்கும் போக ஆசைதான். ஆசிரியர் வேலை நிரந்தரமாகாத ஆண்டு என்பதால் போகவில்லை. பந்தயத்துக்கு முதல்நாள் கழகச் செயலாளர் என்னைக் கூப்பிட்டார். "சாரே, கூட்டத்துக்குப் போன பயலுக்குக் கோப்பை குடுத்தா, கழகத்து மேல போலீசு கண்ணு விழும். உம்ம வேலையையும் யோசியும்." ஓலை கொடுக்காதே என்று அவர் சொல்லவில்லை. அந்த வழியை நானே கண்டுபிடித்தேன்.

கடைசி வளைவு என்னுடையது. நேசையன் தனியாக முன்னால் வந்து கையை நீட்டினார். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"எலே, ஓலை! ஓலை தாலே!"

நான் அசையவில்லை. விளையாடுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும், சிரித்தார். ஏற்றத்தில் காலை நிறுத்த அவருக்கு மனம் வராது. "செரி, மேல வந்து நீயே சொல்லிரு மக்கா" என்று ஏறிப் போனார். அவர் என்னை மக்கா என்று அழைத்தது அதுவே கடைசி.

முடிவிடத்தில் அவர் மூன்று கீற்றுகளோடு நின்றார். செயலாளர் எல்லோர் முன்னாலும் கேட்டார்: "சார் இவனக் கண்டதுண்டா?"

"நான் காணல்ல."

நேசையன் என்னையே பார்த்தார். "குறுக்குவழி!" என்று கூட்டத்தில் யாரோ கூவினார். அன்றைக்கே அது பட்டப்பெயராகிவிட்டது.

எல்லை வகுக்கப்பட்டது, நாங்கள் கேரளத்தில் நின்றோம். சண்டையை ஊர் மறந்தது, பட்டப்பெயரை மறக்கவில்லை. மரச்சீனிக் கிழங்கு மூடையைச் சைக்கிளில் ஏற்றி அவர் காட்டாக்கடைச் சந்தைக்குப் போனால், "வேய் குறுக்குவழி, எடை நேர்வழிதானா?" என்பார்கள். என் வகுப்பிலேயே பிள்ளைகள் அவர் மகளை அப்படி அழைத்தார்கள். பிள்ளைகளைக் கண்டித்தேன். உண்மையைச் சொல்லவில்லை.

விடை சரியாக இருந்தும் செய்த வழியை எழுதாத பிள்ளைக்கு நான் மதிப்பெண் குறைப்பேன். நேசையனுக்கு நடந்ததும் அவ்வளவுதான் என்று பல ஆண்டுகள் எனக்கு நானே பாடம் நடத்தினேன். அவர் வழியை எழுதித்தான் இருந்தார். தாளைக் கிழித்தவர் ஆசிரியர்.

அடக்கத்துக்கு வந்த ஒருவர் கல்லறைத் தோட்டத்தில் என்னிடம், "நம்ம குறுக்குவழியும் போயாச்சு, இல்லியா சாரே?" என்றார். அன்போடுதான் சொன்னார். அங்கேயும் நான் தலையை ஆட்டினேன்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அவருடைய நல்ல பெயரை. அதைக் கொடுத்துத்தான் என் வேலையைக் காப்பாற்றிக்கொண்டேன். நேசையனை அறிந்தவர்களே, அவர் முதல் ஆளாக அந்த வளைவைத் தாண்டியதை நான் கண்டேன். நாளை சந்தையில் யாராவது அந்தப் பட்டப்பெயரைச் சொன்னால், பேச்சை நிறுத்தி, "அவரு முழு வழியும் ஓடினாரு, பொய் சொன்னது சாராக்கும்" என்று நாலு பேர் கேட்கச் சொல்லிப் பாருங்கள்.