நான் வாசித்துச் சொன்ன துப்பாக்கிப் பத்திரிகை

என் கணவருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவர். ஆனால் அவருக்குப் பிடித்தவை துப்பாக்கியைப் பற்றி வரும் ஆங்கிலப் பத்திரிகைகள். எதை வாங்குவது என்று பார்ப்பதும், ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு அதைத் தமிழில் சொல்வதும் என் பொறுப்பு. நான் கல்லூரிவரை படித்தவள். அந்தப் பொறுப்பில் ஒருமுறை நான் பொய் சொன்னேன்.

அவரிடம் இருந்தது மாமனார் காலத்து ஒற்றைக்குழல் துப்பாக்கி, பயிர்க் காவலுக்கு லைசென்ஸ் வாங்கியது. சுனாமியின்போது எங்கள் தீவில், சிப்பிகாட்டிலிருந்த எங்கள் வயலுக்குள் வந்த உப்புத் தண்ணீர் திரும்பிப் போகவே இல்லை. மேட்டிலிருந்த வாழையும் பாக்கும்தான் மிச்சம். மான்கள் அங்கே ஏறிவரும். வானத்தைப் பார்த்து ஒரு வெடி போட்டால் ஓடிவிடும். நாங்கள் நகரத்துக்குள் லம்பா லைனில் ஒற்றை அறை வாடகைக்கு எடுத்துக் குடிவந்தபோது துப்பாக்கியும் கூடவே வந்தது. சாக்கில் சுற்றி பீரோவின் மேல் வைத்தார்.

அபர்டீன் பஜாரில் ஒரு கடையில் அந்தப் பத்திரிகைகள் கிடைக்கும். சென்னையிலிருந்து கப்பலில் வருவதால் எல்லாம் பழைய மாதத்தவை. முதல்முறை மூன்றை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். தவறானதை எடுத்துவிடுவேனோ என்று பயம். பளபளப்பான ஒன்றில் வந்த துப்பாக்கி எல்லாமே உலகத்திலேயே சிறந்தது. புகழ்ந்து எழுதியிருந்த அதே துப்பாக்கிக்கு எதிர்ப்பக்கத்தில் முழுப்பக்க விளம்பரம். இன்னொன்று முழுக்கப் போர்ப் படங்கள். மூன்றாவது மங்கலான தாளில், மெலிதாக இருந்தது. அதில் ஒரு துப்பாக்கியை இருநூறு முறை சுட்டுப் பார்த்து, எங்கே சிக்கியது என்று எழுதியிருந்தார்கள். போன இதழில் செய்த பிழையையும் கட்டம் போட்டு ஒத்துக்கொண்டிருந்தார்கள். அதை வாங்கினேன்.

அவருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. வாத்து சுடப்போய் ஒவ்வொரு மாதமும் வெறுங்கையோடு திரும்பும் ஒருவர் அதில் தொடர்ந்து எழுதினார். அதைக் கேட்டு இவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். "இவன் மனுசன் புள்ள. சுடத் தெரியலன்னு அவனே சொல்லுறான் பாரு," என்பார்.

ஒரு நாள் சமைத்துக்கொண்டிருந்தபோது விசில் சத்தம் கேட்டது. மகளுக்கு அப்போது இரண்டரை வயது. வெடித்துத் தீர்ந்த தோட்டாக் கூட்டை உதட்டில் வைத்து ஊதிக்கொண்டிருந்தாள். வெறும் கூடுதான், அவர் சட்டைப் பையிலிருந்து விழுந்திருக்கும். ஆனாலும் அன்றிலிருந்து மகளைப் பீரோ பக்கம் விடவில்லை. பயமாக இருக்கிறது என்று அவரிடம் சொல்லியிருக்கலாம். வயலும் போய், அப்பாவின் துப்பாக்கியும் போகவேண்டுமா என்று நினைப்பாரோ, நான் அதிகமாகப் பயப்படுகிறேனோ என்று எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

அடுத்த இதழில் பழைய துப்பாக்கிகளைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. இரும்புப் பட்டைகளை முறுக்கி அடித்துச் செய்த பழங்காலக் குழல்கள் இன்றைய தோட்டாவுக்குத் தாங்காமல் வெடிக்கலாம், ஒரே எஃகுத் துண்டில் துளைத்துச் செய்த குழலுக்கு அந்தப் பயம் இல்லை என்று அதில் தெளிவாக இருந்தது. நான் முதல் பாதியை வாசித்தேன். இரண்டாவது பாதியை விட்டுவிட்டேன். பிறகு, தாளைப் பார்த்தபடியே, அப்பா காலத்துத் துப்பாக்கி எதுவானாலும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று எழுதியிருப்பதாகச் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். அதே பொய்யை அதே சொற்களில் மறுபடி சொன்னேன். திக்கவே இல்லை.

மறுநாளே ஒப்படைக்கிறேன் என்று கிளம்பினார். எனக்கு ஆங்கிலம் தெரியும், விவரம் கேட்டால் சொல்வேன் என்று என்னையும் அழைத்துக்கொண்டார். போலீஸ் நிலையத்தில் ஆயுதங்களைப் பழுதுபார்க்கும் பெரியவர் குழலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், விரலால் சுண்டினார். "ஏக்தம் படியா," அருமையாக இருக்கிறது என்றார். ஒரே எஃகு, குறையே இல்லை, இன்னும் முப்பது வருஷம் வரும், யார் உங்களைப் பயமுறுத்தியது என்று இந்தியில் கேட்டார். புத்தகத்தில் போட்டிருக்கிறது என்று இவர் தனக்குத் தெரிந்த இந்தியில் வாதாடினார். அப்படி எந்தப் புத்தகமும் எழுதாது, வாசித்தவருக்குப் புரிந்திருக்காது என்றார் பெரியவர். என் கணவரின் முகம் சிவந்துவிட்டது. தன் வீட்டுக்காரி பட்டப்படிப்பு படித்தவள் என்றார். பெரியவர் என்னைப் பார்த்தார். மகளை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நான் தரையைப் பார்த்தேன்.

வெளியே வந்து, துப்பாக்கியைத் தோளில் மாட்டியபடி சொன்னார்: "நீ படிச்சதுல தப்பு இருக்காது புள்ள. அவன் எழுதுனதுலதான் தப்பு. நல்ல புக்குன்னு நெனச்சோம், இப்புடிப் பொய் எழுதுறானே."

அதற்குமேல் தாங்கவில்லை. உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் வந்தது வேறு: "என்னங்க, புள்ள இருக்கிற வீட்ல இது இருக்கிறது எனக்குப் பயமா இருக்கு."

அவர் நின்றார். "இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று திரும்பி உள்ளே போனார். துப்பாக்கியை நிலையத்திலேயே பாதுகாப்பில் வைத்து ரசீது வாங்கிக்கொண்டு வந்தார். வாழை குலை தள்ளும் சமயத்தில் மட்டும் எடுத்துக்கொள்ளலாமாம். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பேருந்து வரும்வரை மகளுக்கு வேர்க்கடலை உரித்துக் கொடுத்தார்.

அடுத்த கப்பல் வந்ததும் கடைக்காரர் எனக்கென்று அந்த மெலிந்த பத்திரிகையை எடுத்து வைத்திருந்தார். இனி வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார். அதில் எழுதுவதை நம்ப முடியவில்லையாம், வீட்டில் சொல்கிறார்கள் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு அதை அடுக்கில் செருகினார். நான் அந்தப் பளபளப்பானதை வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வாசித்தேன். எல்லாத் துப்பாக்கியும் சிறந்தது. வாத்து சுடுகிறவர் அதில் இல்லை. என் கணவர் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, இதையாவது நம்பலாமா என்றார்.

நம்பலாம் என்றேன்.