இரண்டு ஈசாக்குகள்

செல்லபாய் பொய் சொல்லிப் பழக்கப்பட்டவள் அல்ல. அதனால்தான் அவள் சொன்ன ஒரு பொய்யை எங்கே நிறுத்துவது என்று அவளுக்குத் தெரியாமல் போயிற்று.

அவள் கணவன் சுவாமிதாஸ் பாறசாலையில் சைக்கிள் கடை வைத்திருந்தான். போட்டோக் கிறுக்கும் உண்டு. அடுக்களை ஜன்னலைச் சாக்கால் அடைத்து, விளக்கைச் சிவப்புக் காகிதத்தால் மூடி, மரச்சீனிக் கிழங்கு அவிக்கிற இடத்திலேயே படம் கழுவுவான். ஒரே படத்தில் ஒரே ஆளை இரண்டாக்குவதுதான் அவனுடைய புதுப் பைத்தியம். லென்ஸில் பாதியைக் கறுப்பு அட்டையால் மறைத்து ஒரு தடவை எடுப்பான். பிலிமைச் சுற்றாமல் மறுபாதியை மறைத்து இன்னொரு தடவை எடுப்பான். இடையில் கேமரா அசையக் கூடாது. கோழி குறுக்கே ஓடிக் கெடுத்த படங்கள்தான் அதிகம். கடைசியில் செல்லபாயின் தம்பி ஈசாக்கை வைத்து ஒன்று பழுதில்லாமல் வந்தது. உட்கார்ந்திருக்கிற ஈசாக்குக்கு இன்னொரு ஈசாக் சாயா நீட்டுகிறான். சர்ச் சபையில் பாதிப் பேர் வந்து பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள்.

மலையாளப் பக்கம் கிடந்த தமிழ்த் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி ஊர்வலங்கள் நடந்த காலம் அது. ஐம்பத்து நாலில் ஒரு ஊர்வலத்தில் போலீஸ் வண்டி மேல் கல் விழுந்தது. எறிந்தவன் ஈசாக்தான். பிறகு எல்லை போட்டபோது அவர்கள் ஊர் கேரளத்திலேயே கிடந்துவிட்டது, அது வேறு கதை. மறுநாள் போலீஸ் வந்து அவனை இழுத்தபோது செல்லபாய் குறுக்கே போய் விழுந்தாள். சுவரில் தொங்கிய படத்தைக் கழற்றி ஏட்டிடம் நீட்டினாள்.

"இவன் வீட்ட விட்டு எறங்கல்ல சாறே. கல்லெறிஞ்சது இவனுக்கக் கூடப் பெறந்த இரட்டையாக்கும். அவன் ஓடிப் போயிட்டான்."

ஏட்டு ஊரில் விசாரித்தார். படத்தைப் பார்த்துச் சிரித்த அதே சபையார், இரட்டை உண்டு என்று ஒன்றுபோலத் தலையாட்டினார்கள். உதவி செய்வதாக நினைப்பு. ஏட்டு நம்பிவிட்டார். ஆனால் மற்றவன் இருக்கிற இடத்தை இவன் சொல்லட்டும் என்று ஈசாக்கை விடவில்லை, படத்தையும் கொண்டுபோனார்.

லாக்கப்பில் விழுந்த ஒவ்வொரு அடிக்கும் ஒரே கேள்விதான். "மற்றவன் எவிடெடா?"

"எனக்கு அறியாது சாறே."

ஸ்டேஷன் வேலியோரம் நின்ற செல்லபாய்க்கு இரண்டும் கேட்டது. அக்கா சொன்னது பொய் என்று அவன் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. பாவிப் பயல், சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா!

வீட்டுக்கு ஓடிவந்து கணவனின் சட்டையைப் பிடித்தாள். "கேட்டியளா, என்னையும் அதுமாதிரி ரெண்டா எடுங்க. ஏட்டுக்குக் காட்டணும்."

சுவாமிதாஸ் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "ஏடி, இரட்டை இல்லேண்ணு ஆனா, எறிஞ்சது இவன்தாண்ணு ஆவும். ஜெயிலாக்கும்."

"ஜெயிலுக்கு உயிரோடதானே போவான்? இல்லாத ஒருத்தனுக்கு வேண்டி இங்க கெடந்து சாவணுமா?"

அவள் உடம்பு நடுங்கியதில் முதல் படம் கலங்கிப்போயிற்று. அடுத்ததற்கு மேசையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அழுது வீங்கிய இரண்டு செல்லபாய்கள் அதில் விழுந்தார்கள். ஈரம் காய்வதற்குள் அதை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாள்.

"நானும் இரட்டையா சாறே? இது எனக்க மாப்பிளைக்க வேலையாக்கும். ஈசாக்கு ஒருத்தன்தான்."

ஏட்டு படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ கல்லெறிஞ்ஞது ஆரா?"

"அவன்தான்."

கூடப்பிறந்தவனைத் தன் வாயாலேயே காட்டிக்கொடுத்தாள். நாக்கை அறுத்து எறியலாம்போல இருந்தது. ஆனால் அன்றோடு அடி நின்றது.

கோர்ட்டுக்குக் கொண்டுபோகும்போது ஈசாக் நொண்டிக்கொண்டு வந்தான். வண்டியில் ஏறுமுன் அக்காவைப் பார்த்துவிட்டான். வீங்கிய உதட்டை வைத்துக்கொண்டு சிரிக்கப் பார்த்தான்.

"அக்கா, எனக்க இரட்டை வீட்டுல சொகமா இருக்கானா?"

அவனுக்காகவாவது சிரிக்க நினைத்தாள். முடியவில்லை.

"இருக்கான் மக்கா. நீ வாறது வரைக்கும் அவனுக்கும் சேத்துச் சோறு வைப்பேன்."