தம்பி வாங்காத மெஷின்

நீலசந்திராவில் எங்கள் மரப்பட்டறையும் என் கணவருடைய தம்பியின் பட்டறையும் முன்பு ஒரே கொட்டகை. தம்பி தனியாகப் போனபோது நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர் எழுந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் தம்பி ஜப்பான் ரூட்டர் ஒன்று வாங்கினார். பலகை விளிம்பை வளைவாகச் செதுக்கும் மெஷின். அது ஓடும்போதெல்லாம் என் கணவர் கையிலிருந்த இழைப்புளியைக் கீழே வைத்துவிடுவார்.

"மெஷினா அது, மாவு மில்லு" என்பார். ஆனால் அது நிற்கும்வரை அவருக்கு வேறு வேலை ஓடாது.

மல்லேஸ்வரத்து இன்டீரியர் டிசைனர் அம்மா இரண்டு பட்டறைக்கும் வேலை கொடுப்பவர். ஒரு புது ஆபீஸுக்கு மேஜைகள் வேண்டும் என்று இருவரிடமும் ஒரே வரைபடத்தைக் கொடுத்தார். உருண்டையான தேக்கு விளிம்பு. ஆளுக்கு ஒரு மேஜை சாம்பிளாகச் செய்ய வேண்டும். பிடித்த பட்டறைக்கு முழு ஆர்டரும். கிடைத்தால் எங்களுக்கு வருஷம் முழுக்க வேலை. கிடைக்காவிட்டால் இருந்த இரண்டு ஆசாரிகளில் ஒருவரை நிறுத்தியாக வேண்டும். ரூட்டர் இல்லாமல் அந்த மேஜையைத் தொடவே முடியாது.

ரூட்டர் வாங்க ஜே.சி. ரோடு கடைக்கு அவரோடு நானும் போயிருந்தேன். கன்னடக்காரரான கடைக்காரர் எங்கள் குடும்பத்தை அறிந்தவர். தம்பியை 'தம்மா' என்பார்.

"உங்க தம்மா வாங்கினது இதே மாடல் சார். இதையே எடுத்துக்கோங்க. செதுக்கற பிட்டு, கார்பன் பிரஷ் எல்லாம் ரெண்டு பேருக்கும் ஒண்ணே ஆகும்."

"வேற காட்டுங்க."

"ஏன் சார், இது சரியில்லைன்னு தம்மா ஹேளினாரா?"

"அவன் சொல்லி நான் எதுவும் வாங்கறதில்ல."

ஜெர்மன் மெஷின் ஒன்று வந்தது. சிறியது, விலை அதிகம். வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு இருந்தது.

"அவனோடதுல இந்தத் திருகு இருக்கா?"

"இல்ல சார்."

"பில் போடுங்க."

தம்பியின் மெஷின் ஒரே இழுப்பில் முடிக்கும் விளிம்புக்கு இது மூன்று இழுப்பு கேட்டது. கணவரின் முகம் அன்றே சுருங்கிவிட்டது. சாயங்காலம் பசை டப்பா கேட்கும் சாக்கில் தம்பி வந்தார். பசையை மறந்துவிட்டுத் திருகை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே இது, பூனை மாதிரி உறுமுது. என்னோடது தோளையே கழட்டுது."

"உன்னோடதுக்கு பலம்டா. அப்படித்தான் இருக்கும்."

"வேணும்னா எடுத்துக்கயேன், இந்த மேஜை முடியற வரைக்கும். நான் இதைப் பார்க்கறேன்."

பிட்டுகளோடு இரண்டும் கைமாறின. "அட்டைப்பெட்டி வாசனைகூடப் போகலை, அதுக்குள்ள குடுத்துட்டீங்களா?" என்று கேட்டேன்.

"நீ சும்மா இரு. பூனையை வெச்சுக்கிட்டு அவன் எப்படி முடிக்கிறான்னு பார்ப்போம்."

சுவருக்கு அந்தப் பக்கம் என் ஓரகத்தியின் குரல் கேட்டது. "நம்ம மெஷினை அங்க எதுக்குத் தூக்கிக் குடுத்தீங்க?"

கைமாறி வந்த பெரிய மெஷினுக்கு ஒரே வேகம்தான். வளைவில் கை சற்றுத் தயங்கினால் மரம் கருகும். எங்கள் மேஜையின் ஒரு மூலையில் பழுப்பாக ஒரு கறை விழுந்தது. தேய்த்துப் பாலிஷ் போட்ட பிறகும் புகை படிந்ததுபோல் தெரிந்தது. டிசைனர் அம்மா அங்கே ஒருமுறை விரலை ஓட்டிவிட்டு நகர்ந்தார். பக்கத்துப் பட்டறையில் வெகுநேரம் பேசினார். என் ஓரகத்தி அவருக்குக் காபி கொண்டுபோனாள். நாங்கள் கொடுத்த காபி எங்கள் மேஜைமேல் ஆறியிருந்தது.

ஆர்டர் தம்பிக்குப் போனது. "ஜெயிச்சது என் மெஷின், நான் பார்த்து எடுத்தது" என்று கணவர் டீக்கடையில் எல்லாரிடமும் சொன்னார். மறுநாள் காலை அதைத் திரும்பக் கேட்கப் போய் வெறும் கையோடு வந்தார். "ஆர்டர் முடியட்டும்ணே" என்றாராம் தம்பி.

பிளைவுட் லாரி எங்கள் வாசலைத் தாண்டி அடுத்த வாசலில் நின்றது. நான் டிரைவரிடம் பில்லை வாங்கி முகவரியைச் சரிபார்த்தேன். சரியாகத்தான் வந்திருந்தது.

அந்த வாரமே ஓர் ஆசாரியை நிறுத்தினோம். தம்பி உடனே அவரைச் சேர்த்துக்கொண்டார். கணவர் அவரை டீக்கடையில் மடக்கினார். சம்பளத்தையோ சௌகரியத்தையோ விசாரிக்கவில்லை.

"திருகை எதுல வெச்சு ஓட்டறான்?"

"மூணுல மேஸ்திரி."

"மூணு ஜாஸ்தி. ரெண்டுல வெக்கச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லாதே."