ரெண்டாவது பட்டன்

அன்று டெஸ்ட் டிராக்கில் இருந்தவர்கள் மூன்று பேர்: பிரேக் இன்ஸ்பெக்டர், செல்வராணி அக்கா, நான். எங்கள் டிரைவிங் ஸ்கூல் ஓனர் இல்லை. டெஸ்ட் நாளில் அவர் வருவதே கிடையாது. அக்காவின் வீட்டுக்காரரும் இல்லை. அக்காவும் அவரும் சேர்ந்து கிளம்பிவிட்டால் அவர்கள் தோட்டத்து மல்லிகை பறிக்க ஆளில்லாமல் செடியிலேயே மலர்ந்து வீணாகிவிடும்.

எங்கள் வீட்டில் ஃபாரம் நிரப்பத் தெரிந்த முதல் ஆள் நான். இப்போது நான்கு வருஷமாகத் திண்டுக்கல்லில் நாள் முழுக்க ஊராருக்கு அதைத்தான் செய்கிறேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அக்காவுக்குக் கன்னிவாடிப் பக்கம். பழைய மொபெட் ஒன்றை வாங்கி, காலையில் பூ மூட்டையோடு மார்க்கெட்டுக்கு வந்து திரும்புவார். ஒரு பார்சல் கம்பெனியில் டெலிவரி வேலை சொல்லியிருந்தார்கள். லைசென்ஸ் இருந்தால் ஒன்றாம் தேதி சேரலாம். எல்.எல்.ஆர். என்கிற பழகுநர் லைசென்ஸ் முடிய இன்னும் ஐந்து நாள்தான். அதற்காகக் களத்தில் சுண்ணாம்புப் பொடியால் எட்டுப் போட்டு ஒரு மாதம் ஓட்டிப் பழகியிருந்தார்.

அந்த எட்டை ஓட்டவே வழியில்லாமல் போயிற்று. இன்ஸ்பெக்டர் வண்டி நம்பரைத் தன் போனில் தட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, ஒங்க பேருல மூணு சலான் நிக்குது. மூணும் ஓவர் ஸ்பீடு. எல்.எல்.ஆர்.லயே இம்புட்டா?"

அக்கா சிரித்துவிட்டார். "மொபெட்டுல ஓவர் ஸ்பீடா? போங்க சார். மூட்டையோட போனா சைக்கிள்காரனே என்னைய முந்துறான்."

இன்ஸ்பெக்டர் போட்டோக்களைக் காட்டினார். மூன்றிலும் காலை ஒன்பது மணியைத் தாண்டிய நேரம். வேகம் ஐம்பத்தாறு, ஐம்பத்தெட்டு, அறுபத்தொன்று. பின்னால் மூட்டை இல்லை.

"அது... திரும்பி வர்றப்ப செத்த முறுக்குவேன் சார். வெயில் ஏறுதுல்ல."

"ரோட்டுல செவப்பு வட்டத்துல நாப்பதுன்னு போட்டிருக்கே, பாக்கலையா?"

"தெனமும் பாக்குறேனே."

"பாத்தா என்ன செய்யணும்?"

அக்கா யோசிக்கவே இல்லை. "ரெண்டாவது."

"என்னது ரெண்டாவது?"

"ரெண்டாவது பட்டன் சார். இந்தத் தம்பிதான் சொல்லிக் குடுத்துச்சு."

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். "நல்லாத்தான்ப்பா சொல்லிக் குடுத்திருக்க."

எங்கள் ஸ்கூலில் பழக்கம் அப்படி. எல்.எல்.ஆர். டெஸ்ட் கம்ப்யூட்டரில் நடக்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்களுக்குக் கேள்வியை விளக்க நேரமில்லை என்று, படத்தையும் பட்டனையும் மட்டும் மனப்பாடம் செய்ய வைப்போம். சிவப்பு வட்டத்துக்குள் நம்பர் வந்தால் இரண்டாவது. அக்கா தப்பே இல்லாமல் பாஸ் செய்தவர். அந்த நம்பர் வேகத்தைச் சொல்கிறது என்று மட்டும் நான் சொல்லவில்லை.

"மூணு தடவ மாட்டுனவங்களுக்கு நான் எப்பிடிம்மா லைசென்ஸ் குடுக்குறது? கட்டிட்டு அடுத்த ஸ்லாட் போட்டு வாங்க" என்று இன்ஸ்பெக்டர் வெளியே நின்ற அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வெளியே வந்ததும் அக்கா கேட்டார். "எனக்கு ஒரு மெசேஜும் வரலையே தம்பி?"

வந்திருக்காது. வண்டியை அவர் பெயருக்கு மாற்றியதும் நாங்கள்தான். ஓ.டி.பி. கேட்டுக் காட்டில் இருக்கிறவர்களுக்குப் போன் போட்டு மாளாது என்று எல்லா ஃபாரத்திலும் என் நம்பரையே எழுதிவிடுவோம். போனைத் திறந்து கீழே தள்ளிக்கொண்டே போனேன். மூன்றும் இருந்தன. முதலாவது வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

"அக்கா, எனக்குத்தான் வந்திருக்கு. ஓ.டி.பி.ன்னு நெனச்சுப் படிக்காம விட்டுட்டேன்."

அவர் வண்டியை ஸ்டாண்டிலிருந்து எடுத்தார்.

"எனக்கே வந்திருந்தாலும் ஒன்கிட்டதான கொண்டாந்து படிக்கச் சொல்லியிருப்பேன்" என்றார்.

ஓனருக்குப் போன் செய்தேன். "ஆக்சிலேட்டர நாமளா முறுக்குனோம்? ஏலே, அடுத்த ஆளப் பாரு" என்று வைத்துவிட்டார்.

அபராதம் முழுவதையும் நானே கட்டுகிறேன் என்றேன். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை.

"மொதச் சலான் நான் முறுக்குனது. அத நீ சொல்லியிருந்தா மத்த ரெண்டும் வந்திருக்காது. அது ரெண்டும் ஒன்னுது."

ஐந்து நாளைக்குள் ஸ்லாட் கிடைக்கவில்லை. எல்.எல்.ஆர். காலாவதியானது. ஒன்றாம் தேதி அந்த வேலையில் வேறொருவர் சேர்ந்தார்.

இப்போதும் பட்டன்தான் சொல்லிக் கொடுக்கிறேன். ஓனர் அதை மாற்ற விடமாட்டார். ஆனால் ஒவ்வொருவரையும் "நாப்பதுன்னா நாப்பதத் தாண்டக் கூடாது" என்று வாய்விட்டுச் சொல்ல வைத்துத்தான் அனுப்புகிறேன். ஃபாரத்தில் அவரவர் நம்பரையே எழுதுகிறேன். ஒரு ஓ.டி.பி.க்கு அரை மணி நேரம் போகிறது. அதற்குத் தினமும் திட்டு வாங்குகிறேன்.

சலானுக்கு ஆயிரம் வீதம் மூவாயிரம், புது எல்.எல்.ஆருக்கு எழுநூறு. அதில் எனக்குப் போனது இரண்டாயிரம். அக்காவுக்கு ஆயிரத்து எழுநூறும் அந்த வேலையும்.