கேமராவுக்கு எட்டாத மூலை

காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் பார்சலை வாங்கிக்கொண்டு ஆட்டோவில் தலத்தெருவுக்குத் திரும்பினேன். மடியில் தெர்மோகோல் பெட்டி. பெட்டிக்குள் பாலிதீன் பை, பைக்குள் உப்புத்தண்ணீர், தண்ணீருக்குள் ஒரு சின்னக் கல், கல்லில் மூன்று உயிருள்ள பவளங்கள். சென்னையிலிருந்து இரவெல்லாம் குலுங்கி வந்தவை. ஓட்டுநரிடம் மெதுவாகப் போகச் சொன்னேன். "பொட்டியில கேக்காம்மா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்கத் தெம்பில்லை.

பவளம் வளர்க்கும் கண்ணாடித் தொட்டி என் கணவருடையது. போன லீவில் வந்தபோது கூடத்தில் கொண்டுவந்து நிறுத்தினார், தண்ணீர் நிரப்பினார், மோட்டாரை ஓடவிட்டார், சபர் கிளம்பிவிட்டார். பிழைக்க வளைகுடாவுக்குப் போவதை எங்கள் வீடுகளில் அப்படித்தான் சொல்வது. இருபது வருடமாகப் போகிறார். போகும்போதெல்லாம் எதையாவது பாதியில் என்னிடம் விட்டுப் போவார். ஒரு முறை கட்டி முடிக்காத மாடி. இந்த முறை கடல்.

மாமியாருக்கு அந்தத் தொட்டியைப் பார்த்தாலே வாய் சும்மா இருக்காது. "கடலு கூப்புடு தூரத்துல கெடக்கு. இவன் உப்ப மூட்டையில வாங்கி வூட்டுக்குள்ள கரைச்சு வச்சிருக்கான். அதுக்கு ஒரு காவல்காரி வேற." கிளிஞ்சல்மேட்டுக் கடற்கரையில் ஒரு குடம் மொண்டு வந்தால் சேறும் டீசலும் சேர்ந்து வரும், பவளம் தாங்காது என்று ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். "மீனு தாங்குது. இது என்னா நவாபு வூட்டுப் புள்ளையா?" என்றார்.

முதலில் வந்த பவளம் என் கையிலேயே செத்தது. அடிக்கல்லைப் பிடித்துத் தூக்க வேண்டும், சதையைத் தொடக் கூடாது, எனக்குத் தெரியவில்லை. பூவை எடுப்பதுபோல் மேலே பிடித்தேன். மூன்றே நாளில் கொழகொழவென்று கரைந்து கூடமே நாறியது. "மவுத்தாயிடுச்சா? தூக்கிப் போடு," என்றார் மாமியார். கணவர் போனில், "பரவால்ல புள்ள," என்றார். பிறகு இரண்டு வெள்ளிக்கிழமை வீடியோவில் அழைத்தபோதும் தொட்டியைக் காட்டச் சொல்லவே இல்லை. திட்டியிருக்கலாம். புதிது வருகிறது என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு ஒரே எண்ணம்தான்: இதுவும் என் கையில் போகக் கூடாது.

அதனால் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தேன். தொட்டியின் விளக்கை அணைத்தேன். சூடு ஒத்துப்போகும்வரை பையை அப்படியே தண்ணீரில் மிதக்கவிட்டேன். பிறகு பவளத்தை வாளிக்கு மாற்றி, மெல்லிய குழாயில் ஒரு முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக அதில் இறக்கினேன். கதை எழுத உட்கார்ந்தால் நான்கு வரிக்குள் நாற்பது தடவை எழுந்து நடக்கிறவள் நான். அன்று ஒரு மணி நேரம் வாளிக்குப் பக்கத்தில் சொட்டுகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அமைதியாக இருந்தது என்று எழுத ஆசை. இடுப்பு வலித்தது.

அன்று வெள்ளிக்கிழமை, அவருக்கு விடுமுறை. அங்கே ஜும்ஆ தொழுகை முடித்து அறைக்கு வந்ததும் அழைப்பார். நமக்கு மூன்று மணி இருக்கும். போனை நாற்காலியில் பிஸ்கட் டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு, கையுறை மாட்டிக்கொண்டு, கல்லைத் தொட்டிக்குள் இறக்கினேன்.

"இன்னும் மேல, புள்ள. வெளக்குக்கு நேரா."

"வந்த அன்னிக்கே வெளிச்சத்துல வைக்கக் கூடாதுன்னு நீங்கதானே மச்சான் சொன்னீங்க?"

"சொன்னேன். ஆனா அங்க வச்சா எனக்கு ஒரே இருட்டா தெரியுது. வெளக்கப் போட்டு முன்னாடி வை. ஆங், இப்ப ஜோரா இருக்கு."

வைத்தேன். போனில் அவர் முகம் விளக்குப் போட்டதுபோல் ஆனது.

ஞாயிற்றுக்கிழமை மூன்றும் சுருங்கிவிட்டன. காளான் குடைபோல் விரிய வேண்டியவை ஓரம் மடிந்து, சிவப்பு வெளிறி, நனைந்த செங்கல் துண்டுகளாகக் கிடந்தன. செவ்வாய்க்கிழமை கல்லில் இரண்டுதான் இருந்தன. மூன்றாவது எங்கே? டார்ச் அடித்துத் தேடினேன். பின்பக்கம், பாறைக்கு அடியில், நிழல் விழும் மூலையில் போய்க் கிடந்தது. செத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். மறுநாள் அது மட்டும் விரிந்திருந்தது. இந்த வகைக்கு இடம் பிடிக்கவில்லை என்றால் கல்லை விட்டுக் கழன்று தண்ணீரோடு போய்விடுமாம், பிறகு தேடிப் படித்தேன். இருந்த இடம் சரியில்லை என்று இத்தனை சத்தமில்லாமல் கிளம்பிப் போன ஒரு உயிரை நான் பார்த்ததில்லை. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

வியாழக்கிழமை மோட்டாரை நிறுத்திவிட்டு, அடிக்கல்லைப் பிடித்து, மற்ற இரண்டையும் அதே மூலையில் கொண்டுபோய் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை அழைத்தார். "எங்க புள்ள? கல்லையே காணோம்."

"பின்னாடி இருக்கு. கீழ."

"போனக் கொஞ்சம் சாச்சுக் காட்டு." சாய்த்தேன். கண்ணாடியில் என் முகமும் டியூப்லைட்டும்தான் அவருக்குத் தெரிந்திருக்கும்.

"முன்னாடி எடுத்து வையேன். ஒரு தடவ பாத்துக்குறேன், அப்பறம் திருப்பி வச்சிரு."

"மாட்டேன் மச்சான். தொட்டுத் தொட்டு எடுத்தா இதுவும் போயிரும்."

"பாக்கவே முடியாதத எதுக்குப் புள்ள வளக்குறது?"

"நீங்க பாக்காம இந்த வூட்டுல எவ்வளவோ வளந்திருக்கு."

வாயிலிருந்து வந்துவிட்டது. மாமியார் தஸ்பீஹ் மணி உருட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். போனில் கணவர் அடுக்குக் கட்டிலின் கீழ்த்தட்டில், தோளில் துண்டோடு, தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். முதல் பவளம் செத்தபோதுபோல் மறுபடி தொட்டியைப் பற்றியே கேட்காமல் இருந்துவிடுவாரோ என்று பயமாக இருந்தது. எடுத்துக் காட்டிவிடலாம், அரை நிமிடம்தானே. சட்டைக் கையை மடக்கி, தண்ணீர்வரை கையைக் கொண்டுபோனேன். பிறகு எடுத்துவிட்டேன்.

"மூணும் இருக்கா?" என்றார்.

"இருக்கு. ஒண்ணு நல்லா விரிஞ்சிருக்கு. மத்தது ரெண்டும் இப்பதான் லேசா."

"எப்புடி இருக்குன்னு சொல்லு."

தரையில் மண்டியிட்டு, கன்னத்தைக் கண்ணாடியில் ஒட்டிப் பார்த்தேன். முழங்கால் விண்ணென்று தெறித்தது. இத்தனை வருடம் எழுதியிருக்கிறேன். மனதில் வந்த வார்த்தை எல்லாம் பலமுறை துவைத்த துணியாக இருந்தது.

"செவப்பா இருக்கு," என்றேன். "ஓரத்துல கொஞ்சம் ஊதா. தண்ணி வந்து தள்ளும்போது ஒரு பக்கம் மட்டும் தூக்குது."

"எந்தப் பக்கம்?"

கழுத்தைத் திருப்பி மறுபடி பார்த்தேன்.